சென்னை - சிங்கப்பூர் எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம்: நீங்களே கணக்கு போட்டு பாக்கறது எப்படி

போன மாசம் அத்தை போன் பண்ணாங்க. பையன் சிங்கப்பூர்லேருந்து டிக்கெட் போட்டு அனுப்பிருக்கான், அதுல சென்னைல ராத்திரி 11:15க்கு கிளம்பி சிங்கப்பூர்ல காலைல 6:10க்கு எறங்கும்னு போட்டிருக்கு, ஏழு மணி நேரம் உக்காந்தே போகணுமாடா, எனக்கு கால் வீங்கிடுமேன்னு ஒரே கவலை. அவங்க ப்ளைட்ல இருக்கப்போறது வெறும் 4 மணி 25 நிமிஷம்தான். இத போன்ல சொல்லி புரிய வைக்கறதுக்குள்ள அரை மணி நேரம் ஆச்சு, அதனால இந்த ரூட்ல தூரம் எப்படி பாக்கறது, நேரம் எப்படி கணக்கு போடறது, வீட்டுலேருந்து எப்ப கிளம்பறதுன்னு எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன். முதல் தடவ அப்பா அம்மாவ அனுப்பறவங்களுக்குத்தான் இது ரொம்ப உதவும்.

முதல்ல டிக்கெட்ல இருக்கற நேரத்த படிக்கறது எப்படின்னு பாப்போம். கிளம்பற நேரம் கிளம்பற ஊரோட மணி, எறங்கற நேரம் எறங்கற ஊரோட மணி. எந்த ஏர்லைன்ஸ் டிக்கெட்டா இருந்தாலும் இப்படித்தான் போட்டிருக்கும். சிங்கப்பூர் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது. நம்ம ஊர்ல ராத்திரி 11:15னா அங்க ஏற்கனவே 1:45. அப்ப 1:45லேருந்து 6:10 வரைக்கும் எண்ணுங்க, 4 மணி 25 நிமிஷம். அவ்ளோதான். திரும்பி வரும்போது இதையே மாத்தி போடணும். சிங்கப்பூர்ல ராத்திரி 8:30க்கு கிளம்பி சென்னைல 10:15க்கு எறங்கற மாதிரி ஒரு டிக்கெட் இருக்குன்னு வச்சுக்கோங்க, பாக்கறதுக்கு ஒன்னே முக்கா மணி நேரம் மாதிரி தெரியும், அதோட ரெண்டரைய கூட்டுனா 4 மணி 15 நிமிஷம். கிழக்க போனா கழிக்கணும், மேற்க வந்தா கூட்டணும். குழப்பமா இருந்தா ரெண்டு நேரத்தையும் நம்ம ஊர் மணிக்கு மாத்தி ஒரு பேப்பர்ல எழுதிட்டு அப்புறம் கழிங்க, தப்பே வராது.

பழைய ஆளுங்க சில பேர் சிங்கப்பூருக்கும் நமக்கும் ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம்னு அடிச்சு சொல்வாங்க. அவங்க சொல்றது பொய் இல்ல, அவங்க காலத்துல அப்படித்தான் இருந்துச்சு. 1982 ஜனவரி 1 அன்னிக்கு மலேசியா தன்னோட மேற்கு பக்கத்து மணிய கிழக்கு பக்கத்துல இருக்கற சபா, சரவாக் மாநிலங்களோட மணியோட ஒன்னாக்கறதுக்காக அரை மணி நேரம் முன்னாடி தள்ளுச்சு, சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கிச்சு. அன்னிலேருந்துதான் ரெண்டரை. உண்மையில சூரியன வச்சு பாத்தா சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஒன்னரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேலதான் வித்தியாசம், ஆனா கடிகாரத்துல ரெண்டரை. அதனாலதான் சிங்கப்பூர்ல வருஷம் பூரா காலைல 7 மணி வாக்குலதான் பொழுது விடியும். அத்தை 6:10க்கு எறங்கும்போது ஜன்னல்ல பாத்தா கும்மிருட்டாத்தான் இருக்கும், அவங்க ஒடம்புக்கு அது விடிகாலை 3:40. அன்னிக்கு காலைல போனவொடனே எங்கயும் வெளிய கூட்டிட்டு போகாம கொஞ்சம் தூங்க விடுங்கன்னு அவங்க பையன்கிட்ட நான் தனியா சொன்னேன்.

இப்ப தூரம். சுலபமான வழி, கூகுள் மேப்ஸ்ல மீனம்பாக்கம் ஏர்போர்ட் மேல விரல அழுத்தி புடிச்சீங்கன்னா ஒரு குறி விழும், அதுல தூரத்த அளக்கறதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கும், அத தட்டிட்டு மேப்ப நகத்தி சிங்கப்பூரோட சாங்கி ஏர்போர்ட்டுக்கு கொண்டு போனா நேர்கோட்டு தூரம் வந்துடும். 2,920 கி.மீ சொச்சம் காட்டும். கார்ல போற மாதிரி வழி கேட்டீங்கன்னா இங்க ஒன்னும் நடக்காது, நடுவுல கடல் இருக்கு.

ஆனா இத கையாலயே போட்டு பாக்கலாம், அதுல ஒரு சந்தோஷம் இருக்கு, பத்தாவது படிக்கற பசங்க வீட்டுல இருந்தா அவங்கள வச்சே போட வைங்க. ரெண்டு ஏர்போர்ட்டோட அட்சரேகை தீர்க்கரேகை வேணும், மேப்ல குறி வச்சாலே தேடற பெட்டில ரெண்டு நம்பர் வரும். சென்னை வடக்கு 12.99, கிழக்கு 80.17. சாங்கி வடக்கு 1.36, கிழக்கு 103.99. வடக்கு தெற்கா எவ்ளோ வித்தியாசம்? 11.63 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கி.மீ, அப்ப 1,291 கி.மீ. கிழக்கு மேற்கா 23.82 டிகிரி, இதையும் 111ஆல பெருக்குனா 2,644 வரும், ஆனா பூமி உருண்டைங்கறதால பூமத்திய ரேகைய விட்டு விலக விலக இந்த கிழக்கு மேற்கு டிகிரி சுருங்கிட்டே வரும், அதனால ரெண்டு ஊருக்கும் நடு அட்சரேகை 7.18க்கு கால்குலேட்டர்ல காஸ் (cos) போட்டா 0.992 வரும், அதால பெருக்கிடுங்க, 2,623 கி.மீ. இப்ப நம்ம பித்தாகரஸ் தேற்றம்தான். 1,291 வர்க்கம், 2,623 வர்க்கம், கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 2,923 கி.மீ. பூமி வளைவ முழுசா கணக்குல எடுத்துக்கற பெரிய பார்முலா போட்டாலும் 2,924தான் வருது, நான் போட்டு பாத்தேன். பூமத்திய ரேகைக்கு பக்கத்துல இருக்கற ஊருங்களுக்கு இந்த பள்ளிக்கூட கணக்கே போதும். சென்னை - லண்டன் மாதிரி வடக்க ரொம்ப தூரம் போற ரூட்டுக்கு இத போடாதீங்க, அங்க நூத்துக்கணக்குல தப்பு வந்துடும். பைலட்டுங்க கணக்கு கடல் மைல்ல இருக்கும், ஒரு கடல் மைல் 1.852 கி.மீ, இந்த ரூட் அந்த கணக்குல 1,580 கடல் மைல் கிட்ட வரும்.

இந்த கணக்க வச்சு எங்க வீட்டுல ஒரு பெரிய வாக்குவாதமே தீந்துச்சு. எங்க சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். திருச்சி தெற்க இருக்கு, சிங்கப்பூரும் தெற்க இருக்கு, அதனால திருச்சிலேருந்து ப்ளைட் ஏறுனா தூரம் கம்மின்னு மாமா ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாரு. திருச்சி ஏர்போர்ட் வடக்கு 10.77, கிழக்கு 78.71. போட்டு பாருங்க, 2,980 கி.மீ கிட்ட வரும். சென்னைய விட 60 கி.மீ போல ஜாஸ்தி. காரணம், திருச்சி தெற்க தள்ளி இருந்தாலும் மேற்கயும் தள்ளி இருக்கு, சிங்கப்பூர் போற பயணத்துல முக்காவாசி கிழக்க போறதுதான், தெற்க எறங்கறது கம்மி. ஆனா 60 கி.மீங்கறது ப்ளைட்டுக்கு நாலஞ்சு நிமிஷம். அதுக்காக திருச்சிய விட்டுட்டு சென்னைக்கு போறது சுத்தமா தப்பான முடிவு, அத கீழ சொல்றேன்.

மேப்ல இந்த நேர்கோட்ட பாத்தீங்கன்னா சென்னைய விட்டு வங்காள விரிகுடா மேல போய், கிரேட் நிக்கோபார் தீவு பக்கமா கடந்து, சுமத்ராவோட வடக்கு கரைய ஒட்டி மலாக்கா ஜலசந்தி மேலயே போய் சிங்கப்பூர்ல முடியும். ஒரு காலத்துல நம்ம ஆளுங்க ரஜுலா கப்பல்ல ஒரு வாரம் போல கடந்த அதே கடல்தான் இது. சென்னைல ஏறி, நாகப்பட்டினத்துல நின்னு, பினாங்கு வழியா போவாங்க. எங்க தாத்தாவோட அண்ணன் அப்படி போனவர்தான்.

நிஜத்துல ப்ளைட் இந்த கோட்டு மேலயே போகாது. ஆகாயத்துலயும் ரோடு மாதிரி வகுத்து வச்ச பாதை இருக்கு, அதுல போகணும், பாதி வழில சென்னை கன்ட்ரோல்லேருந்து கோலாலம்பூர் கன்ட்ரோலுக்கு மாத்தி விடுவாங்க. சென்னைல காத்து மேற்குலேருந்து அடிச்சா ஓடுபாதைல மேற்கு பாத்து எழும்பி அப்புறம் சுத்தி கிழக்க திரும்பணும், அதுலயே கொஞ்சம் கி.மீ போயிடும். வழில பெரிய மழை மேகம் இருந்தா ஒதுங்கி போகணும், இந்த கடல்ல அது அடிக்கடி நடக்கும். சாங்கில நெரிசல் இருந்தா மேலயே ரெண்டு சுத்து சுத்த வைப்பாங்க. இதுக்கெல்லாம் சேத்து நேர்கோட்டு தூரத்தோட 5 சதவீதம் கூட்டிக்கறது என் வழக்கம், அப்ப 3,070 கி.மீ கிட்ட வரும்.

நேரத்துக்கு வருவோம். ஏ320 மாதிரி நடுவுல ஒரே ஒரு நடைபாதை இருக்கற ப்ளைட் மேல போய் சமமா பறக்கும்போது மணிக்கு 830 கி.மீ வேகம் இருக்கும். 3,070ஐ 830ஆல வகுத்தா 3 மணி 42 நிமிஷம். ஆனா ஏறும்போதும் எறங்கும்போதும் வேகம் கம்மி, அதுக்கு ஒரு கால் மணி நேரம். ஓடுபாதைக்கு ஊந்து போறது, எறங்கி கேட்டுக்கு வர்றது, அதுக்கு ஒரு 20 நிமிஷம். மொத்தம் 4 மணி 15, 4 மணி 20ன்னு வந்து நிக்கும். இவ்ளோ எல்லாம் போட பொறுமை இல்லன்னா ஒரு குறுக்கு வழி இருக்கு, நேர்கோட்டு தூரத்த 800ஆல வகுத்து வர்ற மணியோட 40 நிமிஷம் கூட்டுங்க. 2,920க்கு 3 மணி 39, அதோட 40, ஆக 4 மணி 19. கோலாலம்பூருக்கு போட்டு பாருங்க, சென்னைலேருந்து 2,630 கி.மீ கிட்ட, கணக்குல 3 மணி 57 வரும், டிக்கெட்லயும் நாலு மணி நேரம் கிட்டத்தான் இருக்கும். கொழும்பு 650 கி.மீ கிட்ட, ஒன்னரை மணி நேரம் வரும், அதுவும் பொருந்தும். ஆசியாவுக்குள்ள எந்த ரெண்டு ஊருக்கும் இத போட்டு பாத்து ஒரு தோராயம் தெரிஞ்சுக்கலாம், காத்து பலமா இருக்கற வடக்கு ரூட்டுங்கள்ல மட்டும் கொஞ்சம் ஏறி எறங்கும்.

பெரிய ப்ளைட்ல போனா சீக்கிரம் போயிடலாமான்னு கேக்கறாங்க. போயிங் 787 மாதிரி ப்ளைட் 900 கி.மீ வேகத்துல போகும், அதே தூரத்துக்கு 3 மணி 25. மிச்சம் ஆகறது 17 நிமிஷம். கால் நீட்ட எடம் வேணும், சாப்பாடு வேணும்னா அதுக்காக பெரிய ப்ளைட்ட எடுங்க, நேரத்துக்காக எடுக்காதீங்க.

போறதுக்கும் வர்றதுக்கும் ஏன் நேரம் வேற வேறயா இருக்குன்னா அதுக்கு காரணம் காத்து. பூமி சுத்தறதால மேற்க வரும்போது சீக்கிரம் வந்துடுதுன்னு படிச்சவங்களே சொல்லி கேட்டிருக்கேன், அது சரியில்ல, பூமி சுத்தும்போது காத்து மண்டலமும் கூடவே சுத்துது, ப்ளைட் அந்த காத்துக்குள்ளதான் பறக்குது. நம்ம பக்கம் ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு பருவமழை காலத்துல தரைல காத்து மேற்குலேருந்து அடிக்கும், ஆனா ரொம்ப மேல, 14, 15 கி.மீ உயரத்துல, கிழக்குலேருந்து மேற்க ஒரு பெரிய ஆறு மாதிரி காத்து ஓடும், அதோட வேகம் சென்னை அட்சரேகை பக்கம்தான் நல்லா இருக்கும். இத வெப்பமண்டல கிழக்கு ஜெட் காத்துன்னு சொல்வாங்க, 1950கள்ல இத ஆராய்ச்சி பண்ணி உலகத்துக்கு சொன்னவர் பி. கோட்டீஸ்வரம், பின்னாடி இந்திய வானிலை துறைக்கே தலைவரா இருந்தவர். ப்ளைட் அதுக்கு கொஞ்சம் கீழதான் பறக்கும், இருந்தாலும் அந்த எதிர்காத்து அங்கயும் ஓரளவுக்கு இருக்கும். மணிக்கு 40 கி.மீ எதிர்காத்துன்னு வச்சு கணக்கு போட்டா போகும்போது 790 வேகம், வரும்போது 870, வித்தியாசம் மட்டும் 21 நிமிஷம் வருது. ஆடி மாசத்துல சிங்கப்பூர் போறவங்களுக்கு வழி நீளமாவும் ஊர் திரும்பறவங்களுக்கு சுருக்கமாவும் இருக்கறது இதனாலதான்.

டிக்கெட்ல இருக்கற 4 மணி 25ங்கறது கேட்ட விட்டு நகர்ந்ததுலேருந்து அங்க கேட்ல போய் நிக்கற வரைக்கும். இதுல ஏர்லைன்ஸ் கொஞ்சம் தாராளமாவே நேரம் வச்சிருப்பாங்க, அப்பதான் கால் மணி லேட்டா கிளம்புனாலும் சரியான நேரத்துக்கு போய் சேரலாம். உண்மையில எவ்ளோ நேரம் ஆகுதுன்னு தெரியணும்னா ப்ளைட்ரேடார்24 ஆப்ல டிக்கெட்ல இருக்கற ப்ளைட் நம்பர போட்டு தேடுங்க, கடைசி சில நாள்ல அந்த ப்ளைட் எத்தன மணிக்கு எழும்புச்சு, எத்தன மணிக்கு எறங்குச்சுன்னு வரிசையா வரும். ஒரு வாரம் பாத்தாலே தெரிஞ்சிடும், தினம் லேட்டா போற ப்ளைட்டா ஒழுங்கா போறதான்னு. டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே இத பாத்துட்டு போடுங்க, எனக்கு இது நெறைய தடவ கைகொடுத்திருக்கு.

இப்ப சொல்லப்போறது எல்லாத்த விடவும் முக்கியம், மத்தது எல்லாம் மறந்தாலும் இத மறக்காதீங்க. நம்ம ஊர்லேருந்து கிழக்க போற ப்ளைட் நெறைய நடுராத்திரிலதான் கிளம்பும். 18ந் தேதி 00:50ன்னு டிக்கெட்ல இருந்தா அது 17ந் தேதி ராத்திரி. 17 ராத்திரி சாப்பிட்டுட்டு ஏர்போர்ட் போகணும். எங்க அப்பா முதல் தடவ அக்கா வீட்டுக்கு போனப்ப நாங்க எல்லாரும் 18ந் தேதி ராத்திரின்னே நெனச்சுட்டு இருந்தோம், 18 காலைல கோயிலுக்கு போயிட்டு வந்து, மத்தியானம் ஊறுகாய் பாட்டில பேக் பண்ணி, ராத்திரி 9 மணிக்கு குடும்பத்தோட ஏர்போர்ட்ல போய் நின்னோம். வாசல்ல பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பாத்துட்டு, ஐயா உங்க ப்ளைட் நேத்து ராத்திரியே போயிடுச்சுன்னு சொன்னாங்க. அப்பா ஒன்னுமே பேசல. புது சட்டை போட்டுட்டு அந்த பெட்டி மேலயே உக்காந்துட்டாரு. அங்க அக்காவுக்கு வளைகாப்பு, அடுத்த டிக்கெட் போட்டு போய் சேரும்போது வளைகாப்பு முடிஞ்சிருந்துச்சு. அந்த ராத்திரிய என்னால இன்னும் மறக்க முடியல, அதனாலதான் இவ்ளோ எழுதறேன்.

இத தவிர்க்க நாங்க இப்ப என்ன பண்றோம்னா, டிக்கெட் வந்தவொடனே ப்ளைட் கிளம்பற நேரத்த எழுதறது இல்ல, வீட்டுலேருந்து கிளம்பற நாளையும் நேரத்தையும்தான் நாள்காட்டில எழுதறோம். 18ந் தேதி 00:50 ப்ளைட்டுன்னா நாள்காட்டில 17ந் தேதி தாள்ல "சாயங்காலம் 7 மணிக்கு வண்டி"ன்னு சிவப்பு பேனாவுல இருக்கும், கிழமையும் சேத்து எழுதுவோம், செவ்வாய் ராத்திரியா புதன் ராத்திரியான்னு வாய் விட்டு சொல்லி பாத்துக்குவோம். எறங்கற பக்கம் +1ன்னு சின்னதா போட்டிருந்தா அடுத்த நாள்னு அர்த்தம், கூப்பிட வர்றவங்களுக்கும் அந்த அடுத்த நாள் தேதிய சொல்லணும். ஆனா 00:50 ப்ளைட்டுக்கு +1 வராது, ஏன்னா கிளம்பறதும் எறங்கறதும் ஒரே தேதி, அதனால அங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும். ராத்திரி 12லேருந்து 3 மணிக்குள்ள கிளம்பற டிக்கெட் எதுவா இருந்தாலும் ஒரு ஆள் படிச்சா போதாது, ரெண்டு பேர் தனித்தனியா படிங்க.

அடுத்தது வீட்டு வாசல்லேருந்து வீட்டு வாசல் வரைக்கும் ஆகற நேரம், எனக்கு இதுதான் உண்மையான பயண நேரம். கணக்க பின்னாடிலேருந்து போடணும். வெளிநாட்டு ப்ளைட்டுக்கு மூனு மணி நேரம் முன்னாடி ஏர்போர்ட்ல இருக்கணும், ஒரு மணி நேரம் இருக்கும்போது பொதுவா செக்-இன் கவுண்டர மூடிடுவாங்க, அப்புறம் கெஞ்சுனாலும் நடக்காது. லக்கேஜ் போடணும், இமிக்ரேஷன், செக்யூரிட்டி, வயசானவங்க நடக்கற நேரம்னு எல்லாம் இருக்கு, மூனு மணி நேரம் அதிகம்னு நெனைக்காதீங்க.

தஞ்சாவூர்லேருந்து சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல இருக்கற வீட்டுக்குன்னு வச்சு போடுவோம். திருச்சி வழியா: வீட்டுலேருந்து ஏர்போர்ட் ஒன்னேகால் மணி நேரம், அங்க மூனு மணி நேரம், ப்ளைட் 4 மணி 25, சாங்கில எறங்கி வெளிய வர ஒரு மணி நேரம், ரயில்ல 50 நிமிஷம், மொத்தம் பத்தரை மணி நேரம். சென்னை வழியா: ரோட்ல ஏழு மணி நேரம், ஏர்போர்ட்ல மூனு, ப்ளைட் 4 மணி 20, அப்புறம் அதே ஒரு மணி, அதே 50 நிமிஷம், மொத்தம் 16 மணி நேரத்துக்கு மேல. ஆகாயத்துல 60 கி.மீ மிச்சம் புடிக்க போய் தரைல 300 கி.மீக்கு மேல கார் ஓட்டறோம். சென்னை டிக்கெட் ரெண்டாயிரம் மூவாயிரம் கம்மியா இருந்தாலும் கார் வாடகை, சுங்கச்சாவடி, வழில சாப்பாடுன்னு பாத்தா சரியாயிடும், அதுக்கு மேல அப்பா அம்மாவோட இடுப்பு வலி. டெல்டா பக்கம், மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி ஆளுங்க திருச்சிய முதல்ல பாருங்க, கொங்கு பக்கம் கோயம்புத்தூர்லேருந்தும் சிங்கப்பூருக்கு நேர் ப்ளைட் இருக்கு.

நடுவுல மாறி போற டிக்கெட் விலை கம்மியா இருக்கும். அதையும் இதே கணக்குல போடுங்க. கொழும்பு வழியா போனா 650 கி.மீயும் 2,750 கி.மீயும் சேத்து 3,400 கி.மீ, நேர் ரூட்ட விட 480 கி.மீதான் ஜாஸ்தி, ஆனா ரெண்டு தடவ ஏறி எறங்கணும், பறக்கற நேரமே 1 மணி 30, 4 மணி 6ன்னு அஞ்சரை மணி நேரத்துக்கு மேல, நடுவுல காத்திருக்க ஒரு மூனு மணி நேரம் சேத்தா எட்டரை மணிய தாண்டும். சின்ன வயசு பசங்க காசு மிச்சம் புடிக்க இப்படி போகலாம், தப்பில்ல. தனியா போற வயசானவங்கள இப்படி அனுப்பாதீங்க. அனுப்பியே ஆகணும்னா ரெண்டு ப்ளைட்டும் ஒரே டிக்கெட்ல இருக்கணும், அப்பதான் முதல் ப்ளைட் லேட் ஆனா ரெண்டாவதுல ஏத்தி விடற பொறுப்பு ஏர்லைன்ஸ் மேல இருக்கும், தனித்தனி டிக்கெட்னா போன காசு போனதுதான்.

நேரத்தோட சம்பந்தப்பட்ட இன்னொன்னு, சிங்கப்பூர் அரைவல் கார்ட். விசா தனி, அது முன்னாடியே வாங்கியிருக்கணும். இந்த கார்ட சிங்கப்பூர் போய் சேர்ற நாளோட சேத்து மூனு நாளுக்குள்ளதான் ஆன்லைன்ல போட முடியும், அதுக்கு முன்னாடி உக்காந்து போட்டா எடுக்காது. அரசாங்கத்தோட சைட்ல இது முழுக்க இலவசம், காசு கேக்கற சைட் எதுவா இருந்தாலும் மூடிட்டு வந்துடுங்க. சக்கரை மாத்திரை, இன்சுலின் போடறவங்களுக்கு அன்னிக்கு ராத்திரி ரெண்டரை மணி நேரம் சுருங்கிடும், எப்ப போடணும் எவ்ளோ போடணும்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிட்டு, மருந்த கைப்பைல வைங்க, பெட்டில போடாதீங்க.

சாங்கில எறங்கி வெளிய வந்ததுக்கு அப்புறம் லிட்டில் இந்தியா பக்கம் போறவங்க ஏர்போர்ட் ஸ்டேஷன்ல ஏறி அடுத்த ஸ்டேஷன் எக்ஸ்போல எறங்கி டவுன்டவுன் லைன்ல மாறுனா போதும், நேரா லிட்டில் இந்தியா ஸ்டேஷன்லயே விட்டுடும். இந்த வழி 2017லதான் வந்துச்சு, அதனால பழைய ஆளுங்க சொல்ற வழில நெறைய தடவ மாறணும். ராத்திரி 11 மணிக்கு மேல எறங்கற ப்ளைட்டா இருந்தா ரயில நம்பாதீங்க, டாக்ஸிக்கு காசு எடுத்து வைங்க. விடிகாலை 4 மணிக்கு எறங்கறவங்களும் முதல் ரயில் வர்ற வரைக்கும் ஒன்னரை மணி நேரம் போல காத்திருக்கணும், அங்க உக்கார நல்ல எடம் இருக்கு, அவசரப்பட வேண்டாம்.

திரும்பி வரும்போது கூப்பிட போறவங்களுக்கு. டிக்கெட்ல 10:15ன்னா அது ப்ளைட் கேட்டுக்கு வர்ற நேரம், ஆள் வெளிய வர்ற நேரம் இல்ல. சென்னைல இமிக்ரேஷன், லக்கேஜ் எல்லாம் முடிய ஒரு மணி நேரம் வைங்க, ஒரே நேரத்துல நாலஞ்சு ப்ளைட் எறங்கற ராத்திரில ஒன்னேகால். 9:30க்கே போய் நின்னு பார்க்கிங் காசு ஏத்திக்காதீங்க, ப்ளைட் எறங்கிடுச்சான்னு ஆப்ல பாத்துட்டு கிளம்புனாலே தாம்பரம், வேளச்சேரி ஆளுங்களுக்கு சரியா இருக்கும். அத்தை அடுத்த மாசம் 22ந் தேதி ராத்திரி வர்றாங்க. மெட்ரோல போய் கூப்பிட்டா திரும்பி வர கடைசி ரயில் கெடைக்காது, அதனால 10:30க்கு கார்னு இன்னிக்கே நாள்காட்டில 22ந் தேதி தாள்ல எழுதி வச்சாச்சு, ஞாயித்துக்கெழமைன்னு கிழமையும் போட்டாச்சு.